நண்பர் எழுதிய பாத்திரத்தை வரைந்து பரிசளிக்க: வாசிப்பிலிருந்து தபால் உறை வரை

ரசிகர் கதை எழுதும் ஒருவர், தனக்குப் பிடித்த தொடரின் உலகத்துக்குள் தானே உண்டாக்கிய ஓர் ஆளை இறக்கிவிடுவார். அந்த ஆளைத்தான் ஓசி (OC, original character) என்கிறோம். தொடரின் நாயகனை வரைய எத்தனையோ படங்கள் இருக்கும். ஓசிக்கு ஒரு படமும் இருக்காது, நண்பர் எழுதிய வரிகள் மட்டும்தான் இருக்கும். நீங்கள் வரைவது பெரும்பாலும் அந்த முகத்தின் முதல் படம். அதனால் இந்த வேலையில் பாதி வாசிப்பு. கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் கதையை ஒழுங்காக வாசிக்காதவர் வரைந்தால், எழுதியவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வன்னியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் இருந்து வரைகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இங்கே கிடைக்கும் தாள், வெக்கை, மாரி ஈரம், கதைகளில் அடிக்கடி வரும் இடங்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் வரும். தாளில் வரைபவருக்கும் போனில் வரைபவருக்கும் பெரும்பகுதி ஒன்றுதான்.

கேட்டுவிட்டு வரைவதா, சொல்லாமல் வரைவதா

பரிசு என்றால் சொல்லாமல் நீட்டுவதுதான் அழகு என்று பலர் நினைப்பார்கள். ஓசி விஷயத்தில் கேட்டுவிட்டு வரைவதே நல்லது. சிலர் பாத்திரத்தின் முகத்தை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருப்பார்கள், வாசிப்பவர் தன் மனதில் வைத்துக்கொள்ளட்டும் என்று. இன்னொரு காரணம் வன்னியில் எழுதுபவர்களிடம் கூடுதலாக உண்டு. கற்பனைப் பாத்திரம் என்று பெயர் வைத்திருந்தாலும் அதன் நடையோ சிரிப்போ பெயரோ இல்லாமல் போன ஒரு அண்ணாவுடையதாக, திரும்பி வராத ஒரு சிநேகிதியுடையதாக இருக்கலாம். அப்படியான ஒரு முகத்தை ஊகத்தில் வரைந்து கொடுத்தால் அந்தப் பரிசு நோகடிக்கும்.

கேட்கும்போது துருவ வேண்டாம். பாத்திரத்தின் பெயர் நிறைமதி என்றால் இப்படி ஒரு செய்தி போதும்: “உங்கட நிறைமதியை வரைஞ்சு தர விருப்பம். முகம் வரையலாமோ? ஆரையும் நினைச்சு எழுதினதெண்டால் ஆரெண்டு சொல்ல வேண்டாம், எதை வரையக் கூடாதெண்டு மட்டும் சொல்லுங்கோ.” கடைசி வசனம் முக்கியம். காரணம் சொல்லாமலே மறுக்க அது இடம் கொடுக்கிறது.

பிறந்தநாளுக்குச் சொல்லாமல்தான் கொடுக்கவேண்டும் என்று இருந்தால், கதையில் வெளிப்படையாக எழுதியிருப்பதை மட்டும் வரையுங்கள். முகத்தைப் பாதி திருப்பி வையுங்கள், அல்லது முதுகுப் பக்கம், அல்லது வேலை செய்யும் இரண்டு கைகள். முகமே இல்லாத படமும் ஆளைக் காட்டும்.

வாசிப்பு: மூன்று நிரல்

கதையை முதல்தரம் கதையாகவே வாசியுங்கள். இரண்டாம் தரம் கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரலாகக் கோடு போட்டுக்கொண்டு வாசியுங்கள். முதல் நிரலில் எழுதியிருப்பது, இரண்டாவதில் எழுதியதிலிருந்து தெரியவருவது, மூன்றாவதில் தெரியாதது. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அத்தியாய எண்ணைப் போடுங்கள். பிறகு தேடும்போது அருமை தெரியும்.

உதாரணத்துக்கு, ஒரு கடற்பயணத் தொடரின் ரசிகர் கதையில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கப்பலேறிய எஞ்சின் திருத்தும் பெண் ஒருத்தி வருகிறாள் என்று வைப்போம். கதையில் இருப்பது இவ்வளவுதான்:

“நிறைமதி சேர்ட் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தாள். ஒயில் பட்ட விரலால் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கினாள். இடது பெருவிரல் நகம் இன்னும் வளரவில்லை.”

முதல் நிரலுக்குச் சேர்ட், மடித்த கை, ஒயில், மயிர், நகம் என்று ஐந்து குறிப்பு வரும். இரண்டாம் நிரல்தான் பயன் தருவது. முழங்கைக்கு மேலே மடித்தது என்றால் அது நீளக்கை சேர்ட், அவள் அளவை விடப் பெரிதாகவும் இருக்கலாம். மடிப்பு மூன்று நாலு சுற்று வரும், மேற்கையில் தடித்த வளையமாக நிற்கும், வெறும் கோடாக அல்ல. விரலில் ஒயில் இருந்தால் நெற்றியிலும் இழுபட்ட ஒரு கறை இருக்கவேண்டும். நெற்றியில் விழும் அளவுக்கு முன்மயிர் கட்டையாக இருக்கிறது. நகத்தைப் பாருங்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும், முழுதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். நகம் போனது இரண்டாம் அத்தியாயத்தில், கதையில் அதற்குப்பின் மூன்று மாதம் கழிந்திருக்கிறது என்றால் பாதி நகம்தான் வரையவேண்டும். எழுதியவர் இதைக் கணக்குப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் படத்தில் அந்தப் பாதி நகத்தைக் கண்டதும் நீங்கள் எப்படி வாசித்திருக்கிறீர்கள் என்பது அவருக்கு விளங்கும்.

மூன்றாம் நிரலில் உயரம், மூக்குத்தி, புருவம், காலில் என்ன போட்டிருக்கிறாள் என்று நீளும். அதிலிருந்து படத்துக்கு அவசியமான மூன்று அல்லது நாலை மட்டும் எழுதியவரிடம் கேளுங்கள். நாற்பது கேள்வி அனுப்பினால் பரிசு வாங்குபவருக்கு அது பரீட்சை. மீதி உங்களுக்கு விடப்பட்ட இடம்.

அத்தியாயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். முதல் அத்தியாயத்தில் கட்டை மயிர், எட்டாவதில் பின்னல் என்று வந்தால் நீங்கள் வரையும் காட்சி எந்த அத்தியாயமோ அதைப் பின்பற்றுங்கள். காட்சி எதையும் சாராத உருவப்படம் என்றால் பிந்திய அத்தியாயத்தை எடுங்கள். எழுதி எழுதித்தான் பாத்திரம் ஒருவருக்குத் தெளிவாகிறது.

மூலத் தொடரின் சட்டதிட்டங்களையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழு எந்த நிறம் உடுக்கும், சின்னம் எந்தத் தோளில், அந்த உலகத்தில் துவக்கு உண்டா வாள் மட்டுமா, சிப்பு வந்துவிட்டதா பொத்தான் மட்டுமா. கதை பனி விழும் வடநாட்டில் நடந்தால் பின்னணியில் பனைமரம் வைக்கவேண்டாம். பாத்திரம் வன்னியாள் என்பதைக் காட்ட அவள் தலைமுடியைச் சுற்றி முடிந்த விதமும் குந்தியிருக்கும் விதமும் போதும்.

எந்தக் கணம்

புதிதாக வரைபவர்கள் பெரும் சண்டைக் காட்சியைத் தேடிப் போவார்கள். அது கடினம், அதோடு அங்கே எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆள் தன் வேலையில் இருக்கும் கணத்தை எடுங்கள்: எஞ்சின் மூடியைத் திறப்பது, கடிதத்தை மடிப்பது, படலையைக் காலால் தள்ளுவது.

A5 தாளில் (14.8 × 21 சென்ரிமீற்றர்) வரையப் போகிறீர்கள் என்றால் அதே விகிதத்தில் 4 × 5.7 சென்ரிமீற்றர் பெட்டிகள் ஆறு கீறுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காமல் வேறு வேறு நிலையைப் போடுங்கள். கண், மூக்கு வேண்டாம். பிறகு ஒவ்வொரு உருவத்தையும் முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். கறுப்பு வடிவத்தை மட்டும் பார்த்து என்ன செய்கிறாள் என்று தெரிகிறதோ அந்தப் பெட்டியை எடுங்கள். கைகள் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் நிலை கறுப்பில் மறைந்துபோகும், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் கை வெளியே வரும்.

உடம்பு, முகம், இருப்பு

வளர்ந்தவரின் உயரம் ஏழு அல்லது ஏழரைத் தலை. பத்து வயதுப் பிள்ளை சுமார் ஆறு தலை. வயதைப் பிழையாகக் காட்டுவது முகச் சுருக்கமல்ல, இந்தக் கணக்குத்தான். பதினாறு வயது என்று எழுதியிருக்க எட்டுத் தலை உயரம் போட்டால் ஆள் முப்பதாகிவிடும். கண் தலையின் நடுவில் வரும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் அளவு இடைவெளி. தொடரின் பாணியில் பெரிய கண் போடுகிறீர்கள் என்றால் கண்ணைக் கீழ்நோக்கிப் பெரிதாக்குங்கள். மேல்நோக்கிப் போனால் நெற்றி காணாமல் போகும்.

மூக்கையும் உதட்டையும் பற்றி ஒரு சொல். தொடரின் பாணியில் மூக்கு ஒரு புள்ளிதான் என்றாலும், அகன்ற மூக்கு, தடித்த உதடு என்று நண்பர் எழுதியிருந்தால் அதைக் காட்டியே ஆகவேண்டும். மூக்குச் சிறகுகளுக்கு இரண்டு சின்ன வளைகோடும் கீழே ஒரு நிழலும் போதும்.

குந்தியிருக்கும் நிலை எங்கள் கதைகளில் கிணற்றடி, அடுப்படி, வலை பின்னும் இடம், எஞ்சின் திருத்தும் இடம் எல்லாவற்றிலும் வரும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களில் பாதிக்கு மேல் குதிக்கால் தூக்கி முன்பாதத்தில் நிற்கும். எங்கள் ஆட்கள் பாதம் முழுதும் நிலத்தில் படியக் குந்துவார்கள். அப்போது முழங்கால் அக்குளுக்குக் கிட்ட வரும், முழங்கை முழங்காலுக்கு மேலேயோ வெளியேயோ நிற்கும், முதுகு முன்சாய்ந்து வளையும். நின்றால் ஏழரைத் தலை வருபவர் இப்படிக் குந்தினால் ஏறக்குறைய நாலு தலை உயரம்தான். முதுகை நேராகப் போட்டால் ஆள் பின்னால் விழப்போவது போலத் தெரியும், ஏனென்றால் பாரம் குதிக்காலுக்குப் பின்னால் போய்விடுகிறது. மூக்கு நுனியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். அது கால்விரல்களுக்குக் கிட்ட விழவேண்டும்.

செயற்கைக் கால் உள்ள பாத்திரங்கள் வன்னி எழுத்தில் வருவது வழமை. முழங்காலுக்குக் கீழே இழந்தவரின் காலில் மூன்று பகுதி இருக்கும்: எஞ்சிய காலை உள்வாங்கும் கிண்ணம், அதன்கீழ்த் தண்டு, பாதம். கிண்ணம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிவதில்லை. முன்புறம் முழங்கால் சில்லு வரை ஏறும், பின்புறம் மடக்க இடம் விட்டுத் தாழ்ந்திருக்கும். ஜெய்ப்பூர் கால் என்றால் பாதம் றப்பரில் விரல்களோடு பாதம் போலவே இருக்கும், வெறுங்காலோடும் நடக்கலாம், குந்தவும் முடியும். இயந்திர மனிதனின் கால் போலப் பளபளக்கும் உலோகமாக வரைவது, கதை உலகம் அப்படியானது என்றால் தவிர, பிழை. எந்தக் கால், எதுவரை என்பதைக் கதையில் உறுதிசெய்யுங்கள். இடம் வலம் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, போனில் படத்தைத் திருப்பித் திருப்பி வரைகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். கால் எப்படிப் போனது என்று எழுதாத நண்பரிடம் படத்துக்காக அதைக் கேட்கவேண்டாம்.

மாதிரிக்குப் புகைப்படம் வேண்டுமென்றால் உங்களையே நீங்கள் எடுங்கள். போனைக் கதிரையில் சாய்த்து 10 விநாடி நேரம் வைத்துக் குந்துங்கள், குனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பாத்திரத்துக்கு ஒட்டக்கூடாது. ஊர் சிறிது, ஆரென்று உடனே தெரிந்துவிடும்.

தோல் நிறம்

அதிக படங்கள் கெடுவது இங்கேதான். நண்பர் கறுப்பு என்று எழுதியிருப்பார், படத்தில் ஆள் கோதுமை நிறத்தில் வருவாள். வரைபவர் வேண்டுமென்றே செய்வதில்லை. கையில் உள்ள பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஒரு இளஞ்சிவப்புப் பென்சில் இருக்கும், கண் பழகிய படங்களும் அப்படி, நிழல் போடப் பயம் வேறு. எழுதியவர் தன் நிறத்தையோ தன் அம்மாவின் நிறத்தையோதான் பாத்திரத்துக்குக் கொடுத்திருப்பார். அதை வெளுப்பாக்குவது அவர் எழுதியதை அழிப்பதுதான்.

நீர்வர்ணத்தில் கறுத்த தோலுக்குக் கறுப்பைக் கலக்கவேண்டாம். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பாசிப் பச்சை வரும், தோல் நோயாளித் தோலாகும். போஸ்டர் வர்ணத்தில் வெள்ளையைச் சேர்த்து வெளிச்சம் காட்டினால் சாம்பல் பூசினதுபோல் ஆகும். எரிசியன்னாவும் (burnt sienna, செம்மண்ணிறம்) அல்ட்ராமரைன் நீலமும் இருந்தால் அந்த இரண்டுமே போதும். சியன்னா மூன்று பங்கு, நீலம் ஒரு பங்கில் ஆரம்பித்து, நிழலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள். பள்ளிக்கூடப் பன்னிரண்டு நிறப் பெட்டி என்றால் மண்ணிறத்தில் கொஞ்சம் சிவப்பு, நுனித் தூரிகையில் தொட்ட அளவு நீலம். வெளிச்சம் படும் இடத்தைத் தாளின் வெண்மைக்கு விடாமல் ஐதான சியன்னாவால் முதலில் முழுத் தோலையும் மூடி, காய்ந்தபின் அடர்த்தியை ஏற்றுங்கள். இரண்டு தரத்துக்குப் பதில் மூன்று நாலு தரம் ஏற்றும்போது உள்ளிருந்து சூடு தெரியும்.

கலர் பென்சிலில் ஒழுங்கு மாறும். முதலில் முழுத் தோலுக்கும் இலேசான செம்மஞ்சள். அடுத்து நிழல் விழும் இடங்களுக்கு, அதாவது தாடைக்குக் கீழ், கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கழுத்து ஆகியவற்றுக்கு ஊதா. அதன்மேல் மண்ணிறம், பிறகு கருமண்ணிறம். ஊதா அடியில் இருப்பதால்தான் நிழல் செத்துப்போகாமல் நிற்கிறது. 80 ஜிஎஸ்எம் (தாளின் தடிப்பைச் சொல்லும் எடைக் கணக்கு) போட்டோக்கொப்பித் தாளில் நாலைந்து பூச்சுக்குமேல் மெழுகு வழுக்கத் தொடங்கும், நிறம் ஏறாது. பிரிஸ்டல் போர்ட் அல்லது 160 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் எடுத்தால் இந்தக் கரைச்சல் குறைவு. கடைசியில் வெள்ளைப் பென்சிலால் தேய்க்கும் பழக்கம் கறுத்த தோலைச் சாம்பலாக்கும்.

போனில் வரைபவர்களுக்கு எண்ணாகவே சொல்லலாம். நிறச் சக்கரத்தில் அடிநிறம்: நிறம் 20, செறிவு 55, ஒளிர்வு 42. நிழல்: 8, 60, 25. வெளிச்சம்: 24, 35, 66. நிழலுக்கு ஒளிர்வை மட்டும் குறைக்காமல் நிறத்தைச் சிவப்புப் பக்கம் நகர்த்தியிருப்பதைக் கவனியுங்கள். திறந்த வெளியில் நிற்கும் ஆளின் தோள், கன்ன எலும்பு, மூக்குத் தண்டில் ஆகாயத்தின் நீலம் கொஞ்சம் தெறிக்கும், அதைப் போட்டதும் தோல் உயிர்ப்பாகும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இளநிறம், உதடு கருஞ்சிவப்பு மண்ணிறம்.

வெள்ளைச் சட்டை, பள்ளிச் சீருடை போன்றவற்றுக்குப் பக்கத்தில் கறுத்த முகம் இன்னும் இருண்டு தெரியும். அப்போது முகத்தை வெளுக்காதீர்கள். சட்டையை இளநீல, இளமஞ்சள் நிழலால் இறக்குங்கள், பின்னணிக்கு நடுத்தர அடர்த்தி கொடுங்கள். முகம் தானே முன்னால் வரும்.

கதை வன்னியில் நடந்தால்

பின்னணி சும்மா பச்சையாக இருக்கக்கூடாது, மாதம் பார்க்கவேண்டும். காலபோக (மாரி மழைப் போக) வயல் கார்த்திகை, மார்கழியில் இளம்பச்சை, மாசியில் பொன்னிறம், அறுவடை முடிந்தால் ஒட்டுத்தாள் நிற்கும் வெளிறிய மஞ்சள். ஆடியில் வயல் பச்சையாக இருந்தால் அது குளத்துத் தண்ணீர் பாயும் சிறுபோக நிலமாகத்தான் இருக்கவேண்டும், இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ.

வெளிச்சம் இன்னும் முக்கியம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நிழல் காலடியில் ஒரு சிறு வட்டம், கண்குழி இருட்டு, மூக்கின் கீழும் தாடையின் கீழும் கனத்த நிழல். காட்சி மத்தியானம் என்று எழுதியிருக்க நீளமான பக்க நிழல் போட்டால் பொருந்தாது. முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் செம்மண் நிலத்தில் நிற்கவையுங்கள். கீழிருந்து எழும் சிவப்பு வெளிச்சம் தாடையின் அடிப்பக்கத்தை ஏந்தும், அங்கே செம்மஞ்சள் ஒரு தொடுகை போதும்.

முல்லைத்தீவுக் கரை கிழக்குப் பார்த்தது. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. கடலில் சூரியன் விழும் அந்திக் காட்சி வேண்டுமென்றால் கதை மன்னார்ப் பக்கம் இருக்கவேண்டும். முல்லைத்தீவில் மாலை என்றால் வெளிச்சம் தரைப் பக்கமிருந்து வந்து அலையின் முகத்தில் படும், நிழல்கள் கடலை நோக்கி நீளும்.

மரத்திலும் கவனம். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்பது மருது, வெளிறிய வழுவழுப்பான பட்டை. காட்டுக்குள் பாலை, கருத்து வெடித்த பட்டை, கொப்பு நுனியில் கொத்தாக நிற்கும் சிறிய தடித்த இலை. வீட்டு வேலி என்றால் பூவரசும் கிளுவையும். வீட்டைக் குடிசை என்று எழுதினாரா, தகரக் கொட்டில் என்றாரா, கல்வீடு என்றாரா என்று பார்த்துப் போடுங்கள். தகரம் என்றால் வரி வரியான நிழல், கிடுகு என்றால் அடுக்கடுக்கான பின்னல்.

மை, வர்ணம், வெக்கை, மாரி

2H பென்சிலால் இலேசாகக் கீறி HB யால் தெளிவாக்குங்கள். மைப் பேனை தண்ணீருக்குக் கரையுமா என்பதை முதலே வேறு தாளில் பாருங்கள்: ஒரு கோடு இழுத்து 10 நிமிடம் விட்டு ஈரத் தூரிகையால் தடவினால் தெரிந்துவிடும். கரையும் பேனை என்றால் வர்ணம் முடித்த பிறகு கோடு போடுங்கள். பென்சில் கோட்டை அழிறப்பரால் அழிப்பதும் மை நன்றாகக் காய்ந்தபிறகுதான். ஈரம் இருந்தால் மை இழுபட்டுக் கறுத்த பட்டையாகும்.

கோடைப் பகலில் வியர்த்த உள்ளங்கை தாளைக் கெடுக்கும். வியர்வையும் கைப்பிசுக்கும் பட்ட இடத்தில் நீர்வர்ணம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். கைக்குக் கீழே ஒரு வெறும் தாளை வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெக்கையில், அதுவும் காற்றாடிக்குக் கீழே, வர்ணம் தூரிகை நகரும் முன்னே காய்ந்து ஓரக்கோடு விழும். காலையிலோ நாலு மணிக்குப் பிறகோ பூசுங்கள், பெரிய பரப்புக்கு முதலில் தாளைத் தண்ணீரால் நனையுங்கள். மாரியில் பிரச்சினை தலைகீழ். முதல் பூச்சு காய்ந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பூசினால் தண்ணீர் பின்னால் தள்ளி ஓரம் பிய்ந்த கறை விழும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. முடிக்காத படத்தை பொலித்தீன் பைக்குள் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றிவிடுங்கள்.

போனில் என்றால் A5க்கு 1748 × 2480 பிக்சல், A4க்கு 2480 × 3508. அச்சில் தெளிவாக வர 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், பிறகு பெரிதாக்கினால் மங்கும். நினைவகம் குறைந்த போனில் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு) கூடக்கூட ஆப் மூடிக்கொள்ளும். ஐபிஸ் பெயிண்ட் என்ற வரையும் செயலியில் கீறல், கோடு, அடிநிறம், நிழல், வெளிச்சம், பின்னணி என்று ஆறு லேயரோடு நிறுத்தலாம். நிழல் லேயரை மல்டிப்ளையில் (கீழே உள்ள நிறத்தோடு சேர்ந்து இருளும் முறை) வைத்தால் அடிநிறத்தை மாற்றும்போது நிழலும் சேர்ந்து மாறும், நண்பர் நிறத்தில் திருத்தம் சொன்னால் இது பெரிய உதவி.

இடையில் காட்டுவது

கோடு போட்டு முடிந்து வர்ணம் தொடங்கும் முன் ஒருதரம் காட்டுங்கள். அதற்குப் பிந்தினால் திருத்தக் கை வராது. “நல்லா இருக்கோ?” என்று கேட்டால் நண்பர் ஓம் என்றுதான் சொல்வார், பரிசு வாங்குபவருக்குக் குறை சொல்ல வாய் வராது. “இதில பிழை எது?” என்று கேளுங்கள். முகம் பற்றி ஐயம் இருந்தால் இரண்டு முகம் வரைந்து எது கிட்ட என்று கேளுங்கள், தெரிந்தெடுப்பது சுலபம். சொல்லாமல் கொடுக்கும் பரிசு என்றால் அதே கதையை வாசித்த மூன்றாம் ஆளிடம் பெயர் சொல்லாமல் காட்டி, இது ஆர் என்று கேட்கலாம். பெயர் வராவிட்டால் கொப்பியின் முதல் நிரலுக்குத் திரும்பிப் போய், எந்த அடையாளம் படத்தில் சிறுத்துப் போனது என்று பாருங்கள்.

திருத்தம் வந்தால் வாதாட வேண்டாம். தாடி இல்லை என்று எழுதியவர் சொன்னால் தாடி இல்லை.

முடிவும் அனுப்புவதும்

படத்தின் கீழ் மூலையில் உங்கள் கையெழுத்தும் ஆண்டும். பின்புறம் பென்சிலால் பாத்திரத்தின் பெயர், எந்த அத்தியாயம், எழுதியவரின் புனைபெயர். புனைபெயர் மட்டும்தான். வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர், உறைமேலும் படத்திலும் கதையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

கொமினிகேசன் கடையில் ஸ்கான் எடுக்கும்போது 300 டிபிஐ என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் குறைவாகத்தான் எடுத்துத் தருவார்கள். போனில் எடுப்பதென்றால் காலை வெளிச்சத்தில் விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் நண்பர் அச்செடுத்து மாட்டப் போகிறார் என்றால் பி.என்.ஜி. கோப்பும், ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதல் பின்னணியும் கொடுங்கள். திரையில் எரியும் நீலப்பச்சை அச்சில் மங்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

தாளை அனுப்புவதென்றால் முதலில் பொலித்தீன் உறை, பிறகு படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 1 சென்ரிமீற்றர் பெரிய இரண்டு மட்டை, மட்டைகளின் அலை வரி ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கட்டும், அப்போது எந்தப் பக்கமும் மடியாது. படத்தில் ஒட்டுநாடா தொடக்கூடாது. பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

உரிமை பற்றி நட்பு நன்றாக இருக்கும்போதே கதைத்துக்கொள்வது நல்லது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியத்தையும் எழுத்தையும் தனித்தனியே பாதுகாக்கிறது. படம் உங்களது, பாத்திரம் அவருடையது, உலகம் மூலத் தொடரை உண்டாக்கியவருடையது. ஆகவே இதை விற்கவோ சேர்ட்டில் அச்சடிக்கவோ ஒருவரும் போகக்கூடாது. கதைக்கு முகப்பாக வைக்கலாமா, வெட்டிச் சுயவிவரப் படமாக்கலாமா, நீங்கள் உங்கள் பக்கத்தில் போடலாமா என்ற மூன்றையும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நண்பரின் வரிகளை அவர் சம்மதம் இல்லாமல் படம் உண்டாக்கும் செயலிகளில் கொட்டுவதும் கூடாது.

கீறலையும் லேயர் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள். கதை தொடர்ந்து போகும். இருபதாம் அத்தியாயத்தில் நிறைமதிக்கு நகம் வளர்ந்திருக்கும், மயிரை வெட்டியிருப்பாள், அப்போது அதே அளவில் அதே நிறங்களோடு இரண்டாவது படத்தை நீங்கள் தொடங்க அந்தக் கோப்பும் மூன்று நிரல் கொப்பியும் தேவைப்படும்.